மிலிட்டரி வேதாசலம் கட்டிலுக்கடியில்

இட்லி தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது. ஷூட்டிங் இட்லி என்றால் மிலிட்டரி வேதாசலத்துக்கு ஒரு காலத்தில் உயிர். வீட்டில் எத்தனை பூப்போல அவித்துப் போட்டாலும் யூனிட் வண்டியில் வருகிற அந்த இட்லிக்கும் தண்ணிச் சாம்பாருக்கும் ஈடாகாது என்று சொல்லி, மனைவி கமலவேணி இருந்தவரைக்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆறு வருஷம் படமே இல்லாமல் இருந்து இன்றைக்குத்தான் அந்த இட்லி மறுபடி மடிக்கு வந்திருக்கிறது. வளசரவாக்கத்தில் சினிமாவுக்கென்றே வாடகைக்கு விடுகிற பங்களா அது. போர்டிகோவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பச்சை உடுப்பும் தொப்பியும் ஒட்டு மீசையுமாக அவர். எதிர்க்கோடியில், மதில்சுவரில் முதுகை ஒட்டிவைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் மாப்பிள்ளை தணிகைவேல். இருவருக்கும் நடுவில் ஹாலின் அகலக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஓர் இரும்புக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார் வெடி வைக்கிறவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த ஹாலில் நிஜமாகவே ஒரு வெடி வெடிக்கப்போகிறது. வேதாசலம் அலறிக் கட்டிலுக்கடியில் பாயவேண்டும். அதுதான் இன்றைய காமெடி. வடக்கே மலைப்பாதையில் வண்டியோடு வெடித்துத் தூக்கி எறியப்பட்டு, பிழைத்து, உடம்பைக் காரணம் காட்டிப் பட்டாளம் திருப்பியனுப்பி, வீடு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத தணிகைவேலிடம் மாமனார் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறக்கிவிட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தார். மாப்பிள்ளை போகவில்லை. நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, இடம் பார்த்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அரசிதான் அனுப்பி வைத்தாள். அவரையும் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா, நாலு மனுஷங்களைப் பார்க்கட்டும், வீட்டுக்குள்ளயே எத்தனை நாள்தான் இருப்பார் என்றாள். மகள் கேட்டால் மாட்டேன் என்கிற வாய் அவருக்கு இல்லை. என்ன காட்சி என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவளும் கேட்கவில்லை. அந்த வீட்டில் சில விஷயங்களை யாரும் கேட்பதில்லை. டிவியில் ஞாயிற்றுக்கிழமை காமெடி ஓடும்போது பச்சை உடுப்பில் வேதாசலம் வரப்போகிறார் என்று அரசிக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, ஒரு நொடி முன்னால் சேனல் மாறிவிடும். மாற்றியதை மாப்பிள்ளையும் கவனிக்காத மாதிரி இருப்பார், மாமனாரும் கவனிக்காத மாதிரி இருப்பார். புதுச் சேனலில் யாரோ ஒரு அம்மாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், மூன்று பேரும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டின் கூரை, ஜன்னல், அரசி படித்த காலேஜ் எல்லாமே பச்சை உடுப்பில் கட்டிலுக்கடியில் பாய்கிற அந்த ஒரு பாய்ச்சலில் வந்தவை. தன் வீட்டில் தன் முகத்துக்கே இடமில்லாமல் போன கொடுமையை அவர் யாரிடம் போய்ச் சொல்வார். தட்டை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

குழாய்த் தண்ணீரில் கை நனைத்ததும் கோபிசெட்டிபாளையம் ஞாபகம் வந்தது. வாய்க்கால் தண்ணீர் இப்படித்தான் ஜில்லென்று இருக்கும். அந்தக் காலத்தில் காமெடிக்குத் தனி டிராக். கதை ஒரு பக்கம் போகும், காமெடியை வேறொருவர் எழுதுவார், நகைச்சுவைக்காரர்கள் மட்டும் வண்டியேறிப் போய், பத்துப் பதினைந்து காட்சியை மொத்தமாக முடித்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். படத்தின் கதாநாயகி யார் என்று வேதாசலத்துக்கு இன்றுவரை தெரியாத படங்கள் உண்டு. அப்படி ஒரு டிராக்கில் ஓட்டல் சர்வர் வேஷம் கட்டி, டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது யூனிட் வண்டியின் டயர் படாரென்று வெடித்தது. வேதாசலம் கையில் டீ கிளாசோடு பெஞ்சுக்கடியில் பாய்ந்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் கிளாசில் டீ அப்படியே இருந்தது, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. டிராக் எழுதிய சேதுமணி அண்ணன் சிரித்துப் புரையேறி, தலையில் தட்டித் தட்டி ஆளைப் பிழைக்க வைக்கவேண்டியதாயிற்று. மறுநாள் காலையில் சர்வர் உடுப்பு போய்ப் பச்சை உடுப்பு வந்தது. பட்டாளத்தை வேதாசலம் பார்த்ததெல்லாம் குடியரசு தின அணிவகுப்பில்தான், அதுவும் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தது. அதனால் என்ன, மீசையை முறுக்கினார், நாலு வார்த்தை இந்தி மாதிரி எதையோ பேசினார், போரில் தான் கிழித்ததை அளந்துவிட்டார், வெடிச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் பாய்ந்தார். தமிழ்நாடு சிரித்தது. அடடா, என்ன சிரிப்பு அது. இப்போது யார் அப்படிச் சிரிக்கிறார்கள், எல்லாரும் செல்போனைப் பார்த்து மூக்கால் ஒரு மூச்சு விடுகிறார்கள், அதுதான் சிரிப்பாம்.

அந்தச் சிரிப்பைக் கேட்பதற்கென்றே கமலவேணியைக் கூட்டிக்கொண்டு தியேட்டர் தியேட்டராகப் போவார். குரங்குக் குல்லாய் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, படம் தொடங்கி விளக்கை அணைத்த பிறகு உள்ளே நுழைவார்கள். அவள் முந்தானையில் முறுக்கு முடிந்து வைத்திருப்பாள். வெடி வெடிக்கப்போகிற இடம் நெருங்கும்போது அவள் முறுக்கைக் கடிப்பதை நிறுத்துவாள், அவர் அவள் கையைப் பிடித்துக்கொள்வார். வெடிக்கும். பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு அலை கிளம்பி மேலே பால்கனி வரைக்கும் போய் முட்டித் திரும்பும். அந்தச் சத்தத்தில் அடுத்து வருகிற வசனமே கேட்காது. திரையில் அவர் கட்டிலுக்கடியில் கிடப்பார், இங்கே இருட்டில் கமலவேணி சத்தமில்லாமல் குலுங்குவாள். எத்தனாவது தடவை பார்க்கிறாள், ஆனாலும் சிரிப்பாள். விளக்குப் போடுவதற்கு முன்னால் வெளியே வந்து சைக்கிள் ரிக்‌ஷா பிடிப்பார்கள். வேலூர்ப் பக்கம் போனால் இன்னும் விசேஷம். அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்; ஓய்வுபெற்றவர்கள் விறைப்பாக நின்று இவருக்குச் சல்யூட் அடிப்பார்கள், கேன்டீனில் வாங்கிய ரம்மைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் திணிப்பார்கள். நீங்க எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டவர்களும் உண்டு. சேதுமணி ரெஜிமெண்ட் என்று சொல்லிச் சமாளிப்பார். கோபப்பட்ட பட்டாளத்துக்காரர் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை, அந்த நாளில் அது அவருக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

நாற்காலிக்குத் திரும்பினபோது மாப்பிள்ளை அதே இடத்தில் இருந்தார். ஜெனரேட்டர் வண்டி உறுமத் தொடங்கியிருந்தது. அதற்கு ஒன்றும் அசைந்த மாதிரி இல்லை. சத்தம் இல்லை மாப்ளைக்கு விஷயம், திடீர்தான் விஷயம் என்று வேதாசலம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஏதோ டாக்டருக்குப் படித்தவர் போல. உதவி இயக்குநர் ஷெர்லி கையில் வாக்கி டாக்கியோடு அந்தப் பக்கம் போனது. நல்ல பெண், சார் சார் என்று மரியாதையாகப் பேசுகிறது. கூப்பிட்டு, வெடிச் சத்தத்தை டப்பிங்கில் போட்டுக்கொள்ளலாமே அம்மா, நான் சத்தமில்லாமலே பாய்ந்து காட்டுகிறேன், நாற்பது வருஷ அனுபவம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டால் மறுத்தாலும் அவமானமில்லை. ஷெர்லி உதட்டைப் பிதுக்கியது. "டைரக்டர் நெஜமா வெடிக்கணும்ங்கறார் சார். எப்ப வெடிக்கும்னு உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்களுக்கே ஆர்டர். அந்த ரியாக்‌ஷன் நடிச்சா வராதாம்." நடிச்சா வராதாம். நாற்பது வருஷமாக நடித்தே வந்ததை என்னவென்று சொல்வது. பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார். அந்த இளைய டைரக்டருக்கு இவருடைய பழைய பாய்ச்சலைச் செல்போனில் பார்த்துத்தான் இவரைத் தெரியும். கட்டிலுக்கடியிலிருந்து எட்டிப் பார்க்கிற அந்த முகத்தைப் படமாக வெட்டி, கீழே திங்கட்கிழமை காலை என்று எழுதி ஊரே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறதாம். படம் முழுக்க வருகிற வேஷம் சார் என்று சொல்லியிருக்கிறார். முரண்டு பிடித்தால், இவர் வயதில் இன்னொரு கிழவர் கிடைக்காமலா போவார். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, அந்தக் கட்டெறும்புக்கு இப்போதுதான் ஒரு சர்க்கரைத் துண்டு கிடைத்திருக்கிறது. அதையும் வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

மாப்பிள்ளை சிரித்து அவர் பார்த்திருக்கிறார், அதுதான் வேதனை. நிச்சயதார்த்தத்தன்று. சம்பந்தி ஏகாம்பரம், தணிகைவேலின் அப்பா, அவரும் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்றவர்தான். மிலிட்டரி வேதாசலம் பொண்ணு என்ற ஒரு வார்த்தைக்காகவே ஜாதகம்கூடப் பார்க்காமல் தட்டை மாற்றிக்கொண்ட மனிதர். பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, ஊர் ஜனத்துக்கு முன்னால் அந்தப் பாய்ச்சலை ஒருதடவை காட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். பெண்ணைப் பெற்றவர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ ஒரு காகிதப் பையை ஊதி உடைக்க, வேதாசலம் மேடை மேசைக்கடியில் பாய்ந்தார். லீவில் வந்திருந்த தணிகைவேல் விழுந்து விழுந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், பக்கத்திலிருந்த சிநேகிதன் தோளில் அறைந்து அறைந்து சிரித்தார். அந்த முகம், கழுத்து நரம்பு புடைக்க, பல்லெல்லாம் தெரிய. அன்று மாலை ஏகாம்பரம் அவரைத் தனியாகத் தென்னைமரத்துப் பக்கம் அழைத்துப்போய்க் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். நீளமாக எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு நடுவில், "நல்லா பண்றீங்க சம்பந்தி. ஆனா கட்டிலுக்கடியில எல்லாம் யாரும் போறதில்ல. நாங்க என்ன பண்ணுவோம்னு எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் தெரியும்" என்றார். என்ன பண்ணுவீர்கள் என்று வேதாசலம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த படத்துக்கு இது உதவுமா என்ற யோசனையில் இருந்துவிட்டார். ஏகாம்பரம் போன வருஷம் போய்ச் சேர்ந்தார், பிள்ளை திரும்பி வந்த கோலத்தைப் பார்க்காமல் போனதில் புண்ணியவான்.

கட்டிலுக்கடியில் யாரும் போவதில்லை. சரிதான். போன தீபாவளிக்குத் தெருவில் எவனோ லட்சுமி வெடியை வீட்டு வாசலில் வைத்தான். தணிகைவேல் கூடத்தில் தன் பெண்குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்ட கணத்தில் குழந்தையைத் தரையில் சாய்த்து அவள்மேல் கவிழ்ந்துகொண்டார். அவ்வளவுதான். கத்தவில்லை, ஓடவில்லை. கவிழ்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அரசி வந்து கூப்பிட்டாள், எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் கல்லாகக் கிடந்தது. அடியில் குழந்தை கெக்கலித்துக்கொண்டு, தாத்தா மாதிரியே அப்பாவும் பண்றார், இன்னொருதடவை பண்ணுப்பா என்று கைதட்டிற்று. அடுக்களை வாசலில் நின்றிருந்த வேதாசலத்துக்கு அந்தக் கைதட்டல் விழுந்த இடம் இன்னும் வலிக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊரில் சொல்கிறார்கள். யார் அரட்டினது, எப்படி அரண்டான் என்று எவனாவது கேட்டானா. அவரும் எத்தனை விதமான பட்டாளத்துக்காரராக நடித்தாயிற்று. வாய்ச்சொல்லில் வீரனாகி வெடிக்குப் பயப்படுகிறவர், ரம்மைக் குடித்துவிட்டு உளறுகிறவர், மறை கழன்று இன்னும் சண்டை நடக்கிறதென்று நினைத்துக்கொண்டு பால்காரனுக்குக் கைவிலங்கு போடுகிறவர். சாப்பிட்டுத் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தமாதிரி உட்கார்ந்து, யாராவது பேசினால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற ஆளை மட்டும் யாரும் எழுதவில்லை. சேதுமணி அண்ணன் எழுதவில்லை, எழுதியிருந்தால் இவர் இதிலே காமெடி எங்கேண்ணே இருக்கு என்று கேட்டிருப்பார். மீசை ஒட்டின பசை அரித்தது. சொறிந்தால் மேக்கப்மேன் திட்டுவான் என்று கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையை மருந்துக்கடைக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றியதும் உடம்பு லேசாகிவிட்டது. எழுந்து போய், மாப்ளே, பிரஷர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன், மெயின் ரோட்டில் கடை இருக்கும், வாங்கிக்கொண்டு அப்படியே ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வாருங்கள் என்றார். தணிகைவேல் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். காலையில் அரசி கொடுத்தனுப்பியிருக்கிறாள். அதோடு ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டிலும் வந்தது. வேண்டாத மாத்திரையை விழுங்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்ன பிழைப்பு இது. அவர் இறந்துவிட்டால்கூட மாலையோடு படத்தைப் போட்டு, அதே பாய்ச்சலைத்தான் செய்தியில் காட்டுவார்கள். மாப்பிள்ளை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பார். அரசி அன்றைக்கும் சேனலை மாற்றுவாளா. கமலவேணி இருந்திருந்தால் இதற்கு ஒரு வழி சொல்லியிருப்பாள். அவளுக்கு நடிக்கத் தெரியாது, அதனால் எதையும் நேராகச் சொல்லிவிடுவாள். நேராகச் சொல்வது. சொல்லிவிட்டால் என்ன. மாப்ளே, இங்கே ஒரு வெடி இருக்கிறது, உங்களை மாதிரி ஒருவர் பயப்படுவதாகக் காட்டி நான் பத்துப் பேரைச் சிரிக்கவைக்கப் போகிறேன், கொஞ்சம் தள்ளி இருங்கள். நாக்கு எழும்புமா. சொல்லாமல் வெடித்தால்? மாப்பிள்ளை மூக்கும் காதும் ரத்தமாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்த அந்தப் போட்டோ. அரசி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமே போடாமல் அடுப்பை அணைத்தது. பிறகு குழந்தையையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் அவரைப் பார்க்க ரயிலில் போனது. வெடித்தால் மனசளவில் மறுபடி அந்த மலைப்பாதைக்கே போய்விடுவாரா. போனால் எப்படித் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவது. யாருக்காவது அந்த வழி தெரியுமா. இதே இடத்தில் யோசனை வந்து வந்து முட்டியது, செக்குமாடு மாதிரி. ஹாலுக்குள்ளிருந்து ஷாட் ரெடி சார் என்று குரல் வந்தது.

எழுந்தார். ஹாலுக்குள் போகவேண்டியவர் கால் போன போக்கில் மதில்சுவர்ப் பக்கம் போய்விட்டார். தணிகைவேல் எழுந்து நின்றார், பெரியவர் நிற்கும்போது உட்காருகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"மாப்ளே, உள்ள ஒரு வெடி வெடிக்கப் போவுது. காலையிலயே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

"தெரியும் மாமா. வண்டிய நிறுத்தும்போதே பார்த்துட்டேன். கட்டிலுக்கு இடதுபக்கம், தலகாணிக்குக் கீழ ஒரு தகர டப்பாவுல வெச்சிருக்காரு. ஒண்ணுதான்."

காலையிலிருந்து வேதாசலம் மறைத்துவைத்த மூட்டையை மாப்பிள்ளை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறார். அப்படியானால் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், வெளியே டீக்கடையில் போய் இருக்கக்கூடாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். தணிகைவேல் ஹாலைப் பார்த்தார்.

"வெளிய இருந்தா எப்ப வெடிக்கும்னு தெரியாது மாமா. இங்க இருந்தா சுவிட்ச் வெச்சிருக்காரே, அவரு கையப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். கை தெரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல."

பிறகு அவர் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அவர் சேர்த்துச் சொல்வதே அபூர்வம். உங்களுக்குத்தான் கை தெரியாது, பார்த்துக்கங்க என்றார். வேதாசலம் சிரித்தார். அடப் போங்க மாப்ளே, என் தொழிலே அதுதானே, எத்தனை வெடி பார்த்தாச்சு என்று தோளைத் தட்டிவிட்டு ஹாலுக்குள் போனார். மனசு நிறைந்துவிட்டது. காலையிலிருந்து கழுத்தில் கட்டியிருந்த கல்லை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். இனி வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன. மாப்பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கட்டிலில் உட்காரவைத்தார்கள். எதிரே பெண் பார்க்க வந்த பையனாக நடிக்கிற இளைஞன், அவனுக்குப் போர்க்கதை அளக்கவேண்டும். ஷெர்லி வசனத்தை ஒருதடவை சொல்லிக்கொடுத்தது. விளக்கின் சூடு முகத்தில் அடித்தது, மீசைப் பசையின் நெடி, புதுப் பெயிண்ட் வாசனை, எல்லாம் பழைய வீட்டுக்குத் திரும்பின மாதிரி இருந்தது. ஆக்‌ஷன் என்றார்கள். முறுக்கினார் மீசையை. அந்தக் குரல் எங்கேயும் போய்விடவில்லை, கூப்பிட்டதும் வந்துவிட்டது. தம்பி, அது அமாவாசை, நாலு பக்கமும் எதிரி, நடுவுல நான் ஒருத்தன் என்று தொடங்கினார். பையனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்து உதட்டைக் கடித்துக்கொண்டான், கேமராவுக்குப் பின்னாலும் யாரோ களுக்கென்றார்கள். நாலு பக்கமும் எதிரி என்று இரண்டாவது தடவை சொல்லும்போது, சொல்லக்கூடாத ஒரு நினைப்பு உள்ளே நுழைந்தது. மாப்பிள்ளையும் இப்படித்தான் வண்டியில் ஏதோ பேசிக்கொண்டு போயிருப்பார், யாராவது ஒருவன் சிரித்திருப்பான், என்ன பேசிக்கொண்டிருந்தார்களோ, வாக்கியத்தின் எந்த இடத்தில். எந்த இடத்தில் வரும் இது. இந்த வார்த்தையிலா, அடுத்ததிலா. அமாவாசை என்ற சொல்லுக்கு அப்புறம் வசனம் என்ன. யார் கையில் சுவிட்ச், அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் ஷாட் கெட்டுவிடும். தம்பி, அன்னைக்கு ராத்திரி என்று வாயைத் திறந்தார்.

வெடித்தது. பாய்ச்சல் வரவில்லை. நாற்பது வருஷம் உடம்பில் ஊறிப்போன பாய்ச்சல், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற பாய்ச்சல், அது வரவில்லை. கால் இல்லாமல் போயிற்று. தரை எழுந்து வந்து மார்பில் மோதியது. கட்டிலுக்கடியில் பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் கிடந்தார், தலையை இரண்டு கையும் மூடியிருந்தன, மூடச் சொல்லி அவர் சொல்லவில்லை. காதுக்குள் ஒரு ஊசிச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விடத் தெரியவில்லை. மருந்துப் புகை நாக்கில் கசந்தது. தொடையில் ஏதோ சூடாக நனைந்தது, அது என்ன என்று புரிந்தபோதும் வெட்கப்பட நேரமில்லை, அடுத்தது எப்போது, அடுத்தது எங்கே என்பதைத் தவிர மனசில் வேறு எதற்கும் இடமில்லை. அப்போதுதான் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு அலை. கிளம்பி, மேலே போய், முட்டித் திரும்புகிற அலை. யூனிட் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. டைரக்டர், சூப்பர் சார், லைஃப்லயே பெஸ்ட் சார், கட் பண்ணாதே, கட் பண்ணாதே, ஓடட்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். அவர் தின்று வளர்ந்த சிரிப்பு அது, அதைத் தெரியாதா அவருக்கு. வாழ்நாளெல்லாம் அதன் வெளியிலிருந்து கேட்டவர் இன்று அடியில் கிடந்து கேட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல நினைத்தார். பல் கிட்டித்துப்போயிருந்தது.

சிரிப்பின் நடுவே இரண்டு வெறுங்கால்கள் ஓடாமல் நடந்து வந்தன. தணிகைவேல் தரையில் ஒருக்களித்துப் படுத்து, கட்டிலுக்கடியில் முகத்தை நீட்டி, அவர் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்தார். தொடவில்லை. கையை மட்டும் உள்ளங்கை மேலே தெரியும்படி தரையில் வைத்தார்.

"மாமா, நான்தான். தணிகை. பட்டாசு மாமா, ஒண்ணுதான், முடிஞ்சிடுச்சு. மூச்ச வெளிய விடுங்க. என்னையே பாருங்க."

வேதாசலம் அந்தக் கையைப் பற்றிக்கொண்டார். மூச்சு துண்டு துண்டாக வெளியே வந்தது. யாருய்யா அது ஃப்ரேமுக்குள்ளே என்று டைரக்டர் அலற, அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்து ஹாலை நிறைத்தது. எழுந்துவிடவேண்டும், மருமகன் முன்னால் இப்படிக் கிடக்கக்கூடாது என்று முழங்கையை ஊன்றிப் பார்த்தார். உடம்பு வரவில்லை. ஈரக் கால்சட்டையைக் குழந்தை மறைப்பது போலப் பச்சைச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். தணிகைவேல் அதைப் பார்த்தும் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கேமராவுக்கும் அவருக்கும் நடுவில் தன் முதுகை வைத்துக்கொண்டார்.

"அவசரமில்ல மாமா. அவங்க சிரிச்சு முடிக்கட்டும். அப்புறம் எந்திரிக்கலாம்."